வேலை கடல் கடந்து போகும்போது

தொழிற்சாலை ஒன்று மூடப்பட்ட செய்தியை நாளிதழில் படிக்கிறோம். எத்தனை பேர் வேலை இழந்தனர், எத்தனை கோடி ரூபாய் முதலீடு முடங்கிற்று என்னும் கணக்குகள் அதில் இருக்கும். மறுநாள் காலையில் அந்தத் தொழிலாளி எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும், அங்கே அவருக்கு உரிமையாகக் கிடைப்பது என்ன என்னும் விவரம் பெரும்பாலும் இருக்காது. பொருளியல் பாடநூல்களிலும் இதற்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. ஆகவே இதனையே இவ்வாண்டு மலருக்குரிய பொருளாகக் கொண்டேன்.

இதற்குத் தூண்டுதலாக அமைந்தவர் நம் மாணவி ஒருவர். சென்ற பருவத்தில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு காகித உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "சார், இது எங்க அக்காவோட பேப்பர். கம்பெனியிலே கொடுத்தது. இதை வச்சு கவர்ன்மென்ட்டுலே ஏதாவது உதவி கிடைக்குமா?" என்று கேட்டார். அக்காள் மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எட்டாண்டுகள் வேலை பார்த்தவர். அங்கு நடந்த உற்பத்தி வேறொரு நாட்டிற்குப் போய்விட்டது. நிறுவனத்தின் பெயர் இங்கே நமக்குத் தேவையில்லை. உறைக்குள் இருந்த தாள்களில் ஒன்றில், தம் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருந்தது. அதன் கீழே அக்காளின் கையெழுத்து. அந்த ஒரு வாசகம் எத்தனை கதவுகளைச் சாத்திவிடுகிறது என்பது, அவருக்கு விடை சொல்வதற்காகச் சட்டங்களைப் புரட்டியபோதுதான் எனக்கே தெளிவாயிற்று.

கொள்கை சொல்வது

பன்னாட்டு வாணிகத்தின் பயனை விளக்க டேவிட் ரிக்கார்டோ 1817ஆம் ஆண்டு கூறிய எடுத்துக்காட்டு மாணவர்கள் அறிந்ததே. இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் திராட்சை மது செய்யட்டும், இரண்டும் பண்டம் மாற்றிக்கொண்டால் இரு நாடுகளுக்கும் ஆதாயம் என்றார் அவர். கணக்கில் பிழையில்லை. ஆனால் போர்ச்சுகல் நாட்டில் அதுவரை தறியில் உட்கார்ந்திருந்தவன் கதி என்ன? அவன் மறுநாளே திராட்சைத் தோட்டத்தில் கைதேர்ந்த வேலைக்காரனாகி விடுவான் என்று கொள்கை எடுத்துக்கொள்கிறது. வாழ்க்கை அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

1939இல் கால்டர், ஹிக்ஸ் என்னும் இரு பொருளியலறிஞர்கள் இவ்விடத்தில் ஒரு விளக்கம் தந்தனர். ஒரு மாறுதலால் ஆதாயம் அடைந்தவர்கள், நட்டம் அடைந்தவர்களுக்கு ஈடுகட்டிய பிறகும் தம் கையில் மீதி வைத்திருக்க இயலுமானால், அந்த மாறுதல் சமுதாயத்திற்கு நன்மையே என்றனர். இதில் உற்று நோக்க வேண்டிய சொல் 'இயலும்' என்பது. ஈடுகட்ட இயலும் என்றுதான் கொள்கை கூறுகிறது. ஈடுகட்டியே தீர வேண்டும் என்று கூறவில்லை. இயலும் என்பதற்கும் ஆயிற்று என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை யாராவது நடந்து கடக்க வேண்டும் அன்றோ? அந்த வேலை அரசின் தலையில் விழுகிறது.

அமெரிக்காவின் முயற்சி

இதைச் சட்டமாகவே எழுதிய முதல் பெரிய நாடு அமெரிக்கா எனலாம். கென்னடி குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1962இல், வாணிக விரிவாக்கச் சட்டம் நிறைவேறியது. சுங்க வரியைக் குறைப்பதால் நாடு முழுவதும் பயனடைகிறது. அதனால் ஒருசாரார் வேலை இழந்தால் அந்தச் சுமையை அவர்கள் மட்டுமே தாங்குதல் முறையன்று என்பது அதன் உட்பொருள். ஆனால் விதிகள் மிக இறுக்கமாக இருந்தமையால் 1969 வரை ஒரு தொழிலாளர் விண்ணப்பம்கூட ஏற்கப்படவில்லை. ஏழு ஆண்டுகள் சட்டம் புத்தகத்தில் மட்டும் இருந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் விதிகளைத் தளர்த்திய பின்னரே உதவி பரவலாக மக்களைச் சென்றடைந்தது.

அதன் நடைமுறை நாம் கருதிப் பார்க்கத் தக்கது. ஒரே ஆலையைச் சேர்ந்த மூன்று தொழிலாளர் சேர்ந்து மனுச் செய்தால் போதும். அவர்கள் வேலை போனதற்கு இறக்குமதியோ, உற்பத்தி அயல்நாட்டிற்கு மாறியதோ முக்கியக் காரணமா என்பதைத் தொழிலாளர் துறை ஆராய்ந்து சான்று வழங்கும். சான்று கிடைத்தால் அந்த ஆலையில் வேலை இழந்த அனைவருக்கும் அது பொருந்தும். வழக்கமான வேலையின்மைக் காப்பீடு முடிந்த பின்னும் தொடர்ந்து படி, புதுத் தொழில் கற்பதற்குப் பயிற்சிக் கட்டணம், வேறு ஊரில் வேலை தேடுவதற்கும் குடிபெயர்வதற்கும் செலவுத் தொகை, ஐம்பது வயது கடந்தவர் குறைந்த சம்பளத்தில் வேலை ஏற்றால் இடைவெளியில் ஒரு பகுதி என்று பலவும் இதில் அடங்கும். பயிற்சி பெற்றவர்களுக்கெல்லாம் பழைய சம்பளம் திரும்பக் கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. திட்டத்தின் அதிகாரம் 2022 ஜூலை முதல் நாளில் முடிவுற்றதால் புதிய மனுக்களுக்குச் சான்று வழங்குவதும் அத்துடன் நின்றது. அறுபது ஆண்டுப் பழக்கமுள்ள நாட்டிலேயே இந்நிலை.

போகும் ஊரிலிருந்து திருப்பெரும்புதூர் வரை

ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் இதற்கெனத் தனி நிதி ஒன்றை நடத்தி வருகிறது. தொடக்கத்தில் ஆயிரம் பேர் வேலை இழந்தால்தான் இந்நிதியைக் கேட்கலாம் என்றிருந்தது. 2021இல் அந்த அளவு இருநூறாகக் குறைக்கப்பட்டது. நிறுவனம் சட்டப்படி கொடுக்க வேண்டிய பணத்திற்கு இது மாற்றாகாது. பயிற்சிக்கும், வேலை தேடும் வழிகாட்டலுக்கும், சொந்தத் தொழில் தொடங்குவதற்கும் மட்டுமே செலவிடலாம்.

இந்நிதியிலிருந்து உதவி பெற்ற நிகழ்ச்சிகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது. ஜெர்மனியில் போகும் என்னும் ஊரில் நோக்கியா நிறுவனம் கைப்பேசித் தொழிற்சாலை நடத்தி வந்தது. 2008 ஜனவரியில் அதை மூடி, உற்பத்தியை ருமேனியா நாட்டின் குளூஜ் பகுதிக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது. ஏறத்தாழ 2,300 பேர் வேலை இழந்தனர். தொழிற்சங்கத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் 20 கோடி யூரோ ஒதுக்கியது. தான் முன்பு கொடுத்த மானியத்தை அம்மாநில அரசு திருப்பிக் கேட்டது. அதன் தொடர்பில் பின்னர் ஓர் உடன்பாடும் ஏற்பட்டது. இவற்றுக்கு மேலாக 1,316 தொழிலாளரின் மறுபயிற்சிக்கென்று ஐரோப்பிய நிதி 55 லட்சம் யூரோ வழங்கியது. போகும் இழந்ததைப் பெற்ற குளூஜ் தொழிற்சாலையும் 2011இலேயே மூடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மறு ஆண்டு பின்லாந்தில், நோக்கியாவின் தாய்நாட்டிலேயே, சாலோ நகரத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. கைப்பேசி பூட்டும் வேலை ஆசியாவுக்கு வந்தது.

ஆசியா என்றால் நாமும்தான். 2005இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நோக்கியா, 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருப்பெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. தாம்பரம் மேற்கில் வசிப்பவர்களுக்கு அந்த ஆண்டுகள் நினைவிருக்கும். விடியற்காலையிலும் நள்ளிரவிலும் கம்பெனிப் பேருந்துகள் முடிச்சூர், படப்பை வழியாக ஓடும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளம்பெண்கள் தெருமுனைகளில் நின்றிருப்பார்கள். பிளஸ் டூ முடித்து வட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருப்பார்கள். உச்ச காலத்தில் நேரடித் தொழிலாளர் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். உதிரிப் பொருள் செய்து கொடுத்த நிறுவனங்களில் இன்னும் பல்லாயிரவர்.

சரிவு பல காரணங்களால் வந்தது. புதிய வகைக் கைப்பேசிகளின் போட்டியில் நிறுவனம் பின்தங்கியது ஒன்று. 2013 ஜனவரியில் வெடித்த வருமான வரி வழக்கு மற்றொன்று. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்திற்கு அனுப்பிய தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்பது அவ்வழக்கின் சாரம். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் நடந்தபோது, வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்தமையால் திருப்பெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. அதன்பின் மைக்ரோசாப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைப்பேசி செய்து கொடுக்கும் ஆலையாக அது சில மாதங்கள் ஓடிற்று. அதே ஆண்டு ஜூலையில் மைக்ரோசாப்ட் தன் சாதாரணக் கைப்பேசி உற்பத்தியை வியட்நாமில் ஒருமுகப்படுத்த முடிவு செய்தது. 2014 நவம்பர் முதல் நாள் திருப்பெரும்புதூரில் உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே, அவ்வளாகத்தில் இருந்த பாக்ஸ்கான் தொழிற்சாலையும் நின்றது. வரி வழக்கு 2018இல் இரு நாட்டு அரசுகளின் பேச்சில் தீர்ந்தது. ஆனால் அதற்குள் நான்காண்டுகள் கடந்துவிட்டன.

ஆலை முழுவதும் நிற்பதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்திலேயே, விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அதை ஏற்று வெளியேறினர். ஒரே நிறுவனம், ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஊர்கள். போகும் தொழிலாளிக்கு நிறுவனத்தின் பணத்திற்கு மேல் மாநில அரசும், அதற்கும் மேல் ஐரோப்பிய நிதியும் இருந்தன. திருப்பெரும்புதூர்த் தொழிலாளிக்கு நிறுவனம் கொடுத்ததே பெரும்பாலும் முதலும் முடிவுமாக அமைந்தது. நம் நாட்டில் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது.

நம் சட்டமும் ஒரு சொல்லும்

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் இழப்பீடு வகுத்தது. முடித்த ஒவ்வோராண்டுப் பணிக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் என்பது அளவு. பெரிய ஆலைகளை மூடுவதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்னும் விதி 1976இல் வந்தது. முதலில் 300 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கென்று இருந்ததைப் பின்னர் 100 ஆகக் குறைத்தனர். 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அதை மீண்டும் 300 ஆக்கியது.

இங்கேதான் அந்த வாசகம் குறுக்கிடுகிறது. 'ஆட்குறைப்பு' என்றால் என்ன என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தபோது, தொழிலாளி தாமாக விரும்பி ஓய்வு பெறுவது அதில் சேராது என்று தெளிவாக எழுதியது. ஆக, விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் சட்டத்தின் கண்ணில் வேலை இழந்தவர் அல்லர், வேலையை விட்டவர். ஆலைக்குப் பூட்டுப் போட்ட பிறகு யாருடைய விருப்பம் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் கோப்பைத் திறப்பவர் பார்ப்பது தாளில் உள்ள சொல்லைத்தான்.

நிறுவனங்கள் இவ்வழியை நாடுவதற்குக் காரணம் உண்டு. அனுமதி கேட்டு மூடினால் விசாரணை, காத்திருப்பு, மறுப்பு, மேல்முறையீடு என்று நாள் நீளும். எல்லாரும் 'விரும்பி'ச் சென்றுவிட்டால் மூடுவதற்கு ஆலையில் ஆளே இல்லை. அதற்காகச் சட்டத்தின் பதினைந்து நாளைவிடக் கூடுதலாகக் கொடுக்கவும் அவை தயாராக இருக்கின்றன. தொழிலாளியும் அறியாமையால் மட்டும் கையெழுத்துப் போடுவதில்லை. பெரிய தொகை ஒரே தவணையில் கையில் கிடைக்கிறது. மறுத்து நின்றால் எப்போது எவ்வளவு வரும் என்று தெரியாது. பக்கத்தில் நின்றவர் போட்டுவிட்டார். இந்த மூன்றும் சேர்ந்தால் யாருடைய கையும் பேனாவை நோக்கித்தான் போகும்.

கையெழுத்தால் போகும் உரிமைகளில் பெரியது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் வேலையின்மைப் படி. ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா என்னும் பெயரில் இது 2005 ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பட்டது. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்த காப்பீட்டாளருக்கு முதலில் ஆறு மாதம் பாதிச் சம்பளம் என்றிருந்தது. பின்னர் படிப்படியாக விரிந்து, இரண்டாண்டு சந்தா செலுத்தியவருக்கு முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் 50 விழுக்காடும், அடுத்த பன்னிரண்டு மாதம் 25 விழுக்காடும் என்றாயிற்று. படி பெறும் காலத்தில் குடும்பத்திற்கு மருத்துவமும் உண்டு. தொழிற்பயிற்சிக்கும் இடம் உண்டு. ஆனால் விருப்ப ஓய்வு பெற்றவருக்கு இல்லை. 2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா சிறியது. வாழ்நாளில் தொண்ணூறு நாள் வரைதான். அதுவும் விருப்ப ஓய்வு பெற்றவரை விலக்கியே வைத்தது.

ஒரு கணக்கு

மாணவர்கள் இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் எட்டாண்டு வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவை எப்படி வெளியேறினாலும் அவருக்கு உரியவை. ஆகவே அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆலை மூடல் என்னும் வழியில் வெளியேறினால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் எட்டாண்டுக்கு 72,000 ரூபாய். அத்துடன் இ.எஸ்.ஐ. படி: முதல் ஆண்டு மாதம் 9,000 வீதம் 1,08,000, இரண்டாம் ஆண்டு மாதம் 4,500 வீதம் 54,000. ஆக மொத்தம் 2,34,000 ரூபாய். விருப்ப ஓய்வில் நிறுவனம் ஆண்டுக்கு 45 நாள் சம்பளம் கொடுக்கிறது என்றால் 2,16,000 ரூபாய்தான் வரும். பதினைந்துக்கு மூன்று மடங்கு என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றும். உண்மையில் 18,000 குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 49 நாள் கொடுத்தால் இரண்டும் சமமாகும். 60 நாள் கொடுத்தால் 2,88,000. அப்போது கையெழுத்துப் போடுவதே ஆதாயம்.

இதே கணக்கை மூன்றாண்டு வேலை பார்த்தவருக்குப் போட்டால் விடை வேறுவிதமாக வருகிறது. மூடல் இழப்பீடு 27,000, இ.எஸ்.ஐ. படி அதே 1,62,000, மொத்தம் 1,89,000. அவருக்கு விருப்ப ஓய்வு நட்டமில்லாமல் இருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 105 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். படியின் அளவு பணியாண்டைப் பொறுத்ததன்று என்பதே காரணம். ஆகவே விருப்ப ஓய்வால் மிகுதியாக இழப்பவர்கள் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள். திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் பெரும்பான்மையோர் இத்தகையவர்களே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேறு வேலை கிடைத்தவுடன் படி நின்றுவிடும். இரண்டே மாதத்தில் வேலை கிடைக்கக்கூடியவருக்கு 1,62,000 என்பது வெறும் எண். மேலும் ஆலை மூடப்பட்டது சட்டப்படிதான் என்பது உறுதியாக வேண்டும். இழுபறியான வழக்கில் அதற்கே காலம் பிடிக்கும். எனினும் கையெழுத்துக் கேட்கப்படும் நாளில் இந்தக் கணக்கு தொழிலாளியின் முன்னால் இருக்க வேண்டாமா? அதைப் போடுவதற்கு எட்டாம் வகுப்புக் கணிதம் போதும். திட்டம் ஒன்று இருக்கிறது என்னும் செய்திதான் போய்ச் சேரவில்லை.

சட்டத்திற்கு வெளியே நின்றவர்கள்

இவ்வுதவி எல்லாருக்கும் எட்டுவதன்று. இ.எஸ்.ஐ.க்குச் சம்பள உச்சவரம்பு ஒன்று உண்டு. 2010 முதல் 15,000 ரூபாய், 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். சம்பளம் அதைத் தாண்டிவிட்டால் காப்பீட்டிலிருந்தே வெளியேறிவிடுவர். மறைமலைநகர் போர்டு கார்த் தொழிற்சாலையின் நிலையான தொழிலாளர்கள் இவ்வகையினர். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக போர்டு 2021 செப்டம்பர் 9ஆம் நாள் அறிவித்தது. மறைமலைநகரில் உற்பத்தி 2022 ஜூலையில் நின்றது. வேலைநிறுத்தமும் பேச்சு வார்த்தையுமாகச் சில மாதங்கள் கழிந்தபின், சட்டத்தின் பதினைந்து நாளைப் போலப் பல மடங்கான தொகைக்கு உடன்பாடு ஏற்பட்டது. அது சங்கத்தின் வலிமையால் வந்தது. அரசுத் திட்டம் எதனாலும் வந்ததன்று.

அதே போர்டின் குஜராத் மாநிலச் சானந்த் ஆலையை டாட்டா நிறுவனம் 725 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. அம்மாநில அரசும் சேர்ந்த முத்தரப்பு ஒப்பந்தத்தின் வழியாகத் தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு அங்கேயே வேலை தர வழி செய்யப்பட்டது. 2023 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. வேலை இழந்தவருக்குப் படி கொடுப்பதும் அரசின் உதவிதான். ஆலைக்கு மறு உரிமையாளரைத் தேடிக் கொணர்வதும் அரசின் உதவிதான். இரண்டாவது சிறந்தது என்பது என் கருத்து. ஆனால் காலம் தவறினால் அதன் பயன் பழைய தொழிலாளிக்குப் போவதில்லை. நோக்கியா ஆலையைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது 2019இல். உற்பத்தி தொடங்கியது 2020இல். ஐந்தாண்டுக் காலம் வேலையில்லாமல் யார் காத்திருப்பார்கள்? போர்டு நிறுவனமும் மறைமலைநகருக்குத் திரும்பி வருவதாக 2024இல் அறிவித்தது. 2025 அக்டோபரில் இன்ஜின் உற்பத்திக்குத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 2029இல் உற்பத்தி தொடங்கும் என்பது அப்போது சொல்லப்பட்டது.

ஒப்பந்தத் தொழிலாளரும் 'பயிற்சியாளர்' என்னும் பெயரில் வேலை செய்வோரும் இன்னும் தள்ளி நிற்கிறார்கள். இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிலைப்படுத்த வேண்டும் என்று 1981இலேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் குறிப்பிட்ட காலத்திற்கென்று எழுதப்பட்ட ஒப்பந்தம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பு ஆகாது என்பது 1984 முதல் மத்தியச் சட்டத்தின் நிலை. ஆலை ஆட்டம் காணும்போது முதலில் ஓசையின்றி மறைகிறவர்கள் இவர்களே; மூடும் நாளில் செய்தியாளர் எண்ணும் எண்ணிக்கையில் இவர்கள் இருப்பதில்லை.

பழைய திட்டங்கள் இரண்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். மூடப்பட்ட தனியார் ஆலைகளின் தொழிலாளருக்காக 1986இல் தொடங்கிய நெசவாலைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதி முதல் ஆண்டு முக்கால் சம்பளம், இரண்டாம் ஆண்டு அரை, மூன்றாம் ஆண்டு கால் என்று கொடுத்து வந்தது. 2017 ஏப்ரலில் அது இ.எஸ்.ஐ. திட்டத்துடன் இணைக்கப்பட்டது. மூன்றாண்டு ஏணி இரண்டாண்டு ஏணியாயிற்று. மற்றொன்று, பொருளாதாரச் சீர்திருத்தத்தை ஒட்டி 1992இல் அமைத்த தேசியப் புதுப்பித்தல் நிதி. மறுபயிற்சியும் மறுவேலையும் அதன் நோக்கங்களாக எழுதப்பட்டிருந்தன. பணத்தின் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுக்கே செலவாயிற்று. 2000இல் நிதியே கலைக்கப்பட்டது. அங்கும் அதே சொல்!

மாநில அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வழியாகக் கொடுக்கும் உதவித்தொகையைச் சிலர் நினைக்கலாம். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 400. ஆனால் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். அது வேலையே கிடைக்காதவருக்காக ஏற்பட்டது. இருந்த வேலையை இழந்தவருக்காக ஏற்பட்டதன்று.

புதிய தொகுப்புச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் சேர்ந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு உள்ளான ஒவ்வொரு தொழிலாளிக்கும் பதினைந்து நாள் சம்பளத்தை நிறுவனம் மறுபயிற்சி நிதிக்குச் செலுத்த வேண்டும்; அது நாற்பத்தைந்து நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வரும் தொழிலாளிக்கு இது 9,000 ரூபாய். அரை மாதச் சம்பளத்தில் எந்தத் தொழிலைக் கற்க முடியும் என்று தெரியவில்லை. அதுவும் ஆட்குறைப்பு என்று எழுதப்பட்டவருக்கு மட்டுமே.

பெருங்களத்தூரில் இன்று மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1988இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. வேலை வெளிநாடு போனதால் அன்று; புதிய கார் விலைபோகவில்லை. இந்தப் படி, அந்தத் திட்டம் எதுவும் அப்போது பிறந்திருக்கவில்லை. இன்றுள்ளவர்களுக்கு, குறையுள்ளதாயினும், ஏதோ ஒன்று இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கிவரும் ஏற்றுமதி வளாகத்தில் காலணியும் ஆடையும் மின்னணுப் பொருளும் செய்வோர் வீடுகளிலிருந்து நம் கல்லூரிக்கு வருகிற மாணவர்கள் உண்டு. வெளிநாட்டுச் சந்தையை நம்பிய வேலை அது. அவர்கள் வீட்டில் சொல்ல வேண்டியது இவ்வளவே: இ.எஸ்.ஐ. எண் அட்டையையும், நியமன உத்தரவையும், சம்பளச் சீட்டுகளையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். மூடல் பற்றிய அறிவிப்பு ஒட்டப்பட்டால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தாள் நீட்டினால், படித்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒருநாள் அவகாசம் கேட்பதில் தவறில்லை.

மாணவியின் அக்காளுக்குப் பணிக்கொடையும் வைப்பு நிதியும் முன்பே கிடைத்திருந்தன. படிக்கு வழியில்லை என்று நான் சொன்னதை அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. "அக்கா கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நான் வீட்டுலேதான் சார் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். சில வாரங்களுக்குப் பின் இன்னொரு தாளைக் கொண்டுவந்தார். அக்காளுக்கு வேறோர் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. பயிற்சியாளர் என்னும் பெயரில் பதினொரு மாதத்திற்கு. இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, முன்பிருந்த எண்ணையே கொடுத்திருக்கிறார்களா என்று முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் பார்த்துச் சொல்லும்படி கூறி அனுப்பினேன்.